ஒரே மாவு, ஏழு பலகாரம்: கிளவுட் கடையில் எதை எடுப்பது?

வாசகர் ஒருவர் எழுதி அனுப்பிய கேள்வி இதுதான். மூன்று பேர் கொண்ட சிறு குழு. எழுதி முடித்த நிரலைக் கன்டெய்னரில் (நிரலையும் அது ஓடத் தேவையானவற்றையும் ஒன்றாகக் கட்டிய பொட்டலம்) அடைத்து அமேசான் கிளவுடில் ஓடவிட வேண்டும். வேறு ஆசை எதுவும் இல்லை. வழி தேடினால் ஈ.சி.எஸ்., ஈ.கே.எஸ்., ஃபார்கேட், ஆப் ரன்னர், எலாஸ்டிக் பீன்ஸ்டாக், லாம்டா, லைட்செயில் என்று ஏழு பெயர்கள் வந்து நிற்கின்றன. எல்லாவற்றின் அறிமுகப் பக்கமும் எளிமை, வேகம், சிக்கனம் என்ற அதே மூன்று சொற்களைத்தான் ஓதுகிறது. ஒரே வேலைக்கு ஏன் இத்தனை சேவைகள்? எதை நம்பி எடுப்பது?

பல ஆண்டுகளாக இந்த வேலையில் இருக்கிறேன். இன்றும் அந்தச் சேவைப் பட்டியலைத் திறந்தால் பாதிப் பெயர்களுக்குப் பொருள் தேட வேண்டியிருக்கிறது. இருநூறுக்கு மேற்பட்ட சேவைகள் இருப்பதாக அமேசானே பெருமையாகச் சொல்லிக்கொள்கிறது. அந்தப் பட்டியலை ஒருவர் உட்கார்ந்து திட்டமிட்டு எழுதினார் என்று நினைத்துப் படிப்பதால்தான் தலை சுற்றுகிறது. அப்படி யாரும் எழுதவில்லை. ஒவ்வொரு சேவைக்கும் பிறந்த ஆண்டு ஒன்று உண்டு. அந்த ஆண்டில் எந்த வாடிக்கையாளர் எதைக் கேட்டு நச்சரித்தார் என்ற கதையும் உண்டு. ஆண்டு வரிசையில் அடுக்கிப் பார்த்தால் உங்கள் ஏழு பெயர்களும் தாமாகவே பிரிந்துவிடும்.

எலாஸ்டிக் பீன்ஸ்டாக் 2011 ஜனவரியில் வந்தபோது, கன்டெய்னர் செய்யும் கருவியான டாக்கர் என்ற ஒன்றே வெளியுலகுக்குத் தெரியாது. நிரலைக் கொடுங்கள், சர்வர் ஏற்பாட்டை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்பது அன்றைய வாக்குறுதி. 2013-இல் டாக்கர் வந்து கன்டெய்னரைப் பரப்பிய பிறகு அமேசான் தன் பாணியில் ஒரு மேலாண்மைக் கருவி செய்து 2014 நவம்பரில் ஈ.சி.எஸ். என்று அறிவித்தது. நிரலின் ஒரு துண்டை மட்டும் கொடுத்தால் போதும், ஓடிய நேரத்துக்கு மட்டும் காசு என்ற லாம்டாவும் அதே மாநாட்டில்தான் அறிமுகமானது. இதற்குச் சில மாதங்கள் முன்பு கன்டெய்னர் கூட்டத்தை மேய்க்கும் குபர்நெட்டீஸ் என்ற மென்பொருளைக் கூகுள் திறந்த மூலமாக, அதாவது யாரும் எடுத்துப் பயன்படுத்தும்படி, வெளியிட்டிருந்தது. ஊரெல்லாம் குபர்நெட்டீஸ் பக்கம் சாய்ந்ததும் பெரிய வாடிக்கையாளர்கள், ‘உங்கள் ஈ.சி.எஸ். நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் எங்களுக்குக் குபர்நெட்டீஸ்தான் வேண்டும்’ என்றார்கள். 2017-இல், குபர்நெட்டீஸை அமேசானே நடத்தித் தரும் ஈ.கே.எஸ். அறிவிக்கப்பட்டு அடுத்த ஆண்டு பயன்பாட்டுக்கு வந்தது. லைட்செயில் 2016-இல் வந்தது. மாதம் ஐந்து, பத்து டாலருக்குத் தனி சர்வர் வாடகைக்கு விடும் சிறு கடைகளோடு போட்டி போடத்தான் அது பிறந்தது என்பது என் ஊகம். கன்டெய்னர் வசதி அதில் பின்னால் ஒட்டவைத்த ஒன்று. லாம்டா 2020 டிசம்பரில் கன்டெய்னர் உருவங்களையும் (கன்டெய்னராக ஓடத் தயாரான கோப்புகளையும்) ஏற்கத் தொடங்கியது. ஆப் ரன்னர் 2021 மே மாதம் வந்தது. பீன்ஸ்டாக் பத்து ஆண்டு முன்பு சொன்ன அதே வாக்குறுதி, புதுச் சட்டை போட்டுக்கொண்டு.

ஃபார்கேட்டை விட்டுவிட்டேனே என்று பார்க்கிறீர்களா? அது அந்த வரிசையில் நிற்கவே கூடாது. எந்தக் கன்டெய்னர் எப்போது, எத்தனை பிரதி ஓட வேண்டும் என்று தீர்மானிப்பவை ஈ.சி.எஸ்.ஸும் ஈ.கே.எஸ்.ஸும். அந்தக் கன்டெய்னர்கள் எந்த இயந்திரத்தின் மேல் ஓடும் என்ற கேள்விக்கு, சர்வர் பொறுப்பை அமேசானிடமே விட்டுவிடும் ஃபார்கேட் ஒரு பதில். சர்வரை நீங்களே வாடகைக்கு எடுத்து வைத்துக்கொள்வது இன்னொரு பதில். சமையல்காரரையும் அடுப்பையும் ஒரே பட்டியலில் போட்டு இவரை எடுக்கிறீர்களா, அதை எடுக்கிறீர்களா என்று கேட்டால் குழம்பாமல் என்ன செய்வது? கிளவுட் பட்டியல்களில் பாதிக் குழப்பம் இப்படி வெவ்வேறு அடுக்கைச் சேர்ந்தவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைப்பதால் வருவது. மீதிப் பாதிதான் உண்மையிலேயே ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்பவை.

ஏறி நிற்பவற்றை ஏன் ஒன்றாக்கவில்லை? அமேசானில் இரண்டு பீட்சாவில் வயிறு நிறைகிற அளவுக்கே ஒரு குழு இருக்க வேண்டும் என்பது பழைய விதி. சிறு குழு, தனிப் பொறுப்பு, தனிச் சேவை. பக்கத்துக் குழு ஏறக்குறைய இதையே செய்கிறது என்பது ஒரு சேவையைத் தொடங்காமல் இருக்கக் காரணம் ஆவதில்லை. தொடங்கிய பிறகு மூடுவது அதைவிடக் கடினம். சிம்பிள்டிபி என்ற தரவுத்தளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2007 டிசம்பரில் வந்தது. ஒரு பகுதிக்குப் பத்து ஜிகாபைட்தான் கொள்ளும். அதன் குறைகளிலிருந்து பாடம் கற்று 2012 ஜனவரியில் டைனமோடிபி என்ற புதிய தரவுத்தளம் வந்தது. புதியவர்கள் யாரும் சிம்பிள்டிபி பக்கம் போக வேண்டிய தேவையே அதன் பிறகு இல்லை. ஆனாலும் அதை நம்பி நிரல் எழுதியவர்களுக்காகப் பல ஆண்டுகள், கடையின் முன்பலகையில் பெயர்கூட இல்லாமல், பின்கட்டில் விளக்கேற்றி வைத்திருந்தார்கள். இன்று நாம் குப்பை என்று சலித்துக்கொள்வது நேற்று யாரோ ஒருவருக்குக் கொடுத்த வாக்கு.

வாக்குத் தவறிய கதைகளும் உண்டு. கூகுள், இணையத்தோடு இணைந்த கருவிகளுக்கான தன் ஐ.ஓ.டி. கோர் சேவையை ஓராண்டு முன்னறிவிப்புடன் 2023 ஆகஸ்டில் மூடியது. வீடு வீடாகப் பொருத்திய கருவிகளின் மென்பொருளை ஓராண்டுக்குள் மாற்றுவது எப்படிப்பட்ட வேலை என்பது அதில் சிக்கியவர்களுக்குத்தான் தெரியும். மாற்ற முடியாத கணக்கேடு என்று அமேசான் 2019-இல் கொண்டுவந்த கியூ.எல்.டி.பி. 2025 ஜூலையோடு முடிந்தது. இருந்தவர்களை அரோரா போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தளத்துக்கு மாறச் சொன்னார்கள். நிரல் சேமிப்புக்கான கோட்கமிட் கதை இன்னும் வேடிக்கை. 2024 ஜூலையில் புதிய வாடிக்கையாளர்களுக்குக் கதவை அடைத்தார்கள். பலரும் மூட்டை கட்டி வெளியேறிய பிறகு, 2025 நவம்பரில் திரும்பத் திறந்துவிட்டோம் என்றார்கள். இதை வைத்து அமேசானைத் திட்ட மாட்டேன். தனித்தன்மை உள்ள சேவையை எடுத்தால் அதன் ஆயுள்ரேகையையும் பார்த்து எடுக்க வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

உரிமச் சண்டையில் பிறந்த இரட்டைகளும் உண்டு. மோங்கோடிபி என்ற தரவுத்தளம் தன் உரிமத்தை, அதாவது யார் எப்படிப் பயன்படுத்தலாம் என்ற விதியை, 2018 அக்டோபரில் இறுக்கியது. 2019 ஜனவரியில் அதே மொழி பேசும் டாக்குமென்ட்டிபி அமேசானிலிருந்து வந்தது. எலாஸ்டிக்சர்ச் என்ற தேடல் மென்பொருள் 2021-இல் உரிமம் மாற்றியதும் ஓப்பன்சர்ச் பிரிந்தது. 2024-இல் ரெடிஸ் என்ற வேகத் தரவுச் சேமிப்பு மாற்றியதும் அதிலிருந்து வால்கி. நமக்குப் பட்டியலில் ஒரு பெயர் கூடியது, அவ்வளவுதான்.

இனி செய்தி அனுப்பும் சேவைகளுக்கு வருகிறேன். நீங்கள் கேட்கவில்லை. ஆனால் கன்டெய்னரைத் தவறாகத் தேர்ந்தால் காசு கொஞ்சம் கூடும், இதைத் தவறாகத் தேர்ந்தால் வேலையே நின்றுபோகும். ஒரு நிரல் இன்னொரு நிரலுக்குச் சேதி சொல்ல அமேசானில் மட்டும் எஸ்.கியூ.எஸ்., எஸ்.என்.எஸ்., கினேசிஸ், ஈவென்ட்பிரிட்ஜ், அமேசான் எம்.கியூ., காஃப்கா என்ற திறந்த மூலச் செய்தி மென்பொருளுக்கென்று எம்.எஸ்.கே. என ஆறு இருக்கின்றன. மைக்ரோசாப்டின் கிளவுடான அஸூரில் ஸ்டோரேஜ் கியூ, சர்வீஸ் பஸ், ஈவென்ட் ஹப்ஸ், ஈவென்ட் கிரிட். எதை எங்கே பயன்படுத்துவது என்று விளக்க மைக்ரோசாப்ட் தன் ஆவணத்தில் தனிப் பக்கமே வைத்திருக்கிறது. ஒரு கடைக்காரர் தன் சரக்குகளுக்குள் என்ன வித்தியாசம் என்று தானே கட்டுரை எழுத வேண்டியிருக்கிறது என்றால் நிலைமையைப் புரிந்துகொள்ளுங்கள்.

நான் புதியவர்களுக்கு இப்படிச் சொல்வேன். எஸ்.கியூ.எஸ். ரேஷன் கடை டோக்கன் மாதிரி. ஒரு டோக்கனை ஒருவர் எடுப்பார். வேலை முடிந்ததும் கிழித்துப் போடுவார். நான்கு நாள் வரை காத்திருக்கும். கேட்டால் பதினான்கு நாள். எஸ்.என்.எஸ். என்பது தண்டோரா. கேட்டவர்கள் எல்லாரும் கேட்டுக்கொள்ளலாம். தண்டோரா போடுபவர் எதையும் கையில் வைத்துக்கொள்வதில்லை. ஈவென்ட்பிரிட்ஜ், தபால் பிரிக்கும் மேசை: உள்ளே எழுதியிருப்பதைப் பார்த்து இது இந்தத் தெருவுக்கு, அது அந்தத் தெருவுக்கு என்று அனுப்பும். கினேசிஸும் காஃப்காவும் பேரேடு. எழுதியது எழுதியபடி வரிசையாக இருக்கும். யாரும் எதையும் கிழிப்பதில்லை. படிப்பவர் எந்த வரி வரை படித்தோம் என்று குறித்துக்கொண்டு மேலே போவார். இன்னொருவர் வந்து, இன்னும் அழியாமல் இருக்கிற முதல் வரியிலிருந்தும் படிக்கலாம். அமேசான் எம்.கியூ. பழைய ஆக்டிவ்எம்கியூ, ராபிட்எம்கியூ என்ற செய்தி மென்பொருள்களை வைத்திருந்தவர்கள் நிரலை மாற்றாமல் குடிவரக் கட்டிய வீடு. புதிதாகத் தொடங்குபவருக்கு அங்கே வேலை இல்லை.

டோக்கனுக்கும் பேரேட்டுக்கும் உள்ள வித்தியாசத்தை நான் ஒரு திங்கட்கிழமை காலையில் கற்றுக்கொண்டேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மருந்து மொத்த வியாபார நிறுவனத்தின் ஆர்டர் மென்பொருளை எங்கள் குழு பார்த்துவந்தது. கடைகளிலிருந்து வரும் ஆர்டர்களைக் கிடங்குக்கு அனுப்ப டோக்கன் வகைச் சேவையே போதுமாக இருந்தது. ஆனால் நாங்கள் ஸ்ட்ரீம் வகையை, அதாவது பேரேட்டை, எடுத்திருந்தோம். காரணம் கேட்டால் வெட்கமாக இருக்கிறது: அந்த ஆண்டு எல்லாரும் அதைப் பற்றித்தான் பேசினார்கள். நான்கு கிளைகளாகப் பிரிந்து ஆர்டர்கள் ஓடிக்கொண்டிருந்தன. அன்று காலை ஒன்பதேகாலுக்கு வந்த ஓர் ஆர்டரில் பின்கோடு இருக்க வேண்டிய இடம் காலி. படிக்கும் நிரல் அந்த வரியில் தடுக்கி விழுந்தது. பேரேட்டில் ஒரு வரியைத் தாண்டிப் போக அதற்கு யாரும் சொல்லித் தரவில்லை. எழுந்து, அதே வரியை மறுபடி படித்து, மறுபடி விழுந்தது. அந்த வரிக்குப் பின்னால் நின்ற ஆர்டர்கள் எல்லாம் அப்படியே நின்றன. மற்ற மூன்று கிளைகளும் நன்றாக ஓடியதால் எந்த எச்சரிக்கையும் அடிக்கவில்லை. நான்கில் ஒரு பங்குக் கடைகளுக்கு மட்டும் சரக்குப் போகவில்லை. கிடங்கு மேற்பார்வையாளர் பதினொன்றரைக்குத் தொலைபேசியில் கூப்பிட்டு, ‘இன்றைக்கு என்ன, பாதி ஊர் விரதமா?’ என்று கேட்டபோதுதான் எங்களுக்குத் தெரிந்தது.

எந்த நிறுவனத்தின் சேவை என்று சொல்லத் தேவையில்லை. தவறு முழுக்க எங்களுடையது. ஸ்ட்ரீம் எங்கே வாங்கினாலும் இந்தக் குணத்தோடுதான் வரும். கெட்ட வரியை ஒதுக்க வழி செய்து வைத்திருக்க வேண்டும்; செய்யவில்லை. பிறகு டோக்கன் வகையான கியூவுக்கு மாறினோம். ஐந்து முறை முயன்றும் முடியாத செய்தி டெட் லெட்டர் கியூ என்ற தனிப் பெட்டிக்குப் போய்விடும். முகவரி சேராத கடிதங்களுக்கென்று தபால் துறை வைத்திருந்த பிரிவின் பெயரிலிருந்து வந்தது அது. மற்றவை நிற்காமல் போகும். இரண்டு சேவைகளின் விளம்பரப் பக்கங்களையும் பக்கத்தில் வைத்துப் படித்தால் இந்த ஒரு வித்தியாசம் கண்ணில் படவே படாது. இரண்டுமே ‘கோடிக்கணக்கான செய்திகளைக் கையாளும்’ என்றுதான் சொல்லும். ஆகவே சேவைகளை ஒப்பிடும்போது அது நன்றாக ஓடும் நாளைப் பற்றி விசாரிக்காதீர்கள். ஒரு கெட்ட செய்தி வந்தால் இதில் என்ன ஆகும் என்று விசாரியுங்கள். ஏறி நிற்பவை போலத் தெரிந்த சேவைகள் அந்தக் கேள்வியில் விலகி நிற்கும்.

விலகாதவையும் உண்டு. கடவுச்சொற்களை வைக்க பாராமீட்டர் ஸ்டோர், சீக்ரெட்ஸ் மேனேஜர் என்று இரண்டு இருக்கின்றன. முன்னது சாதாரண வகையில் பத்தாயிரம் பதிவுகள் வரை இலவசம்; ஒன்றுக்கு நான்கு கிலோபைட். பின்னது ஒரு ரகசியத்துக்கு மாதம் 40 சென்ட். இரண்டுமே பூட்டித்தான் வைக்கின்றன. பூட்டும் சாவியும் ஒரே இடத்திலிருந்துதான் வருகின்றன. தரவுத்தளக் கடவுச்சொல்லைத் தானே அவ்வப்போது மாற்றிவிடும் வசதி பின்னதில் உண்டு. அதைப் பயன்படுத்தப் போவதில்லை என்றால் காசு கொடுக்க எனக்குக் காரணம் தெரியவில்லை. அறுபது ரகசியங்கள், சோதனை, முன்னோட்டம், நிஜம் என்று மூன்று சூழல்கள் என்றால் நூற்றெண்பது. மாதம் 72 டாலர். அந்தக் காசு பெரிதல்ல. குழுவில் பாதிப் பேர் ஒன்றையும் மீதிப் பேர் மற்றதையும் பயன்படுத்துவதுதான் ஆபத்து. கடவுச்சொல்லை ஓரிடத்தில் மாற்றி மற்ற இடத்தில் மறந்துவிட்டு இரவு முழுக்க விழித்திருந்தவர்களை எனக்குத் தெரியும். எதை எடுத்தாலும் ஒன்றே ஒன்றை எடுங்கள்.

கூகுள் கொஞ்சம் வேறு மாதிரி. அங்கே ஒன்றை மற்றொன்றுக்குள் கரைத்துவிடும் பழக்கம் அதிகம். டேட்டாஸ்டோர் என்ற பழைய தரவுத்தளம் இப்போது ‘டேட்டாஸ்டோர் முறையில் ஃபயர்ஸ்டோர்’. லாம்டா போன்ற கிளவுட் ஃபங்ஷன்ஸ், கன்டெய்னர் ஓட்டும் கிளவுட் ரன்னின் குடைக்குள் 2024-இல் போனது. பட்டியல் குறுகும், ஆனால் பழைய ஆவணத்தில் படித்த பெயரைத் தேடினால் கிடைக்காது. கன்டெய்னருக்கு மட்டும் சொல்வதென்றால் கிளவுட் ரன் மூன்று பெரிய நிறுவனங்களில் எனக்கு மிகவும் பிடித்தது.

இன்னொன்று பலருக்குத் தெரிவதில்லை. இத்தனை பலகாரத்துக்கும் மாவு ஒன்றுதான். லாம்டாவுக்கும் ஃபார்கேட்டுக்கும் அடியில் ஒரு சர்வரைச் சிறு சிறு தனி இயந்திரங்களாகப் பிரித்துத் தரும் ஃபயர்கிராக்கர் என்ற ஒரே தொழில்நுட்பம் இருக்கிறது. 2018-இல் அமேசானே அதைத் திறந்த மூலமாக வெளியிட்டது. ஆகவே இரண்டு சேவைகளில் பாதிப் பாதி வைத்தால் பாதுகாப்பு என்று நினைக்க வேண்டாம். 2020 நவம்பர் 25 அன்று, அமெரிக்காவின் வட வர்ஜீனியாவில் உள்ள அமேசான் மையத்தில் கினேசிஸுக்குச் சில சர்வர்களைக் கூடுதலாகச் சேர்த்தார்கள். ஒவ்வொரு முகப்பு சர்வரும் மற்ற எல்லா சர்வரோடும் பேசத் தனித்தனி இழை (ஒரே நேரத்தில் ஓடும் சிறு வேலை) திறக்கும் அமைப்பு. எண்ணிக்கை கூடியதும் இயங்குதளத்தின் இழை வரம்பு தாண்டிவிட்டது. கினேசிஸ் படுத்தது, அதை உள்ளே பயன்படுத்திய, பயனர் நுழைவுக்கான காக்னிட்டோ படுத்தது, கண்காணிப்புக்கான கிளவுட்வாட்ச் தடுமாறியது. சேவை நிலையை அறிவிக்கும் பலகையில் எழுதும் கருவிக்குக் காக்னிட்டோ தேவைப்பட்டதால் அறிவிப்புகூடத் தாமதமானது. 2025 அக்டோபர் 20 அன்று அதே ஊரில் டைனமோடிபியின் முகவரிப் பதிவு வெறுமையாகிப் பல சேவைகளைக் கூடவே இழுத்துச் சென்றது. கினேசிஸை ஒருபோதும் தொட்டிராத வாடிக்கையாளரும் முதல் நாளில் தவித்தார். டைனமோடிபியைத் தொடாதவர் இரண்டாம் நாளில். மாவு புளித்தால் இட்லி, தோசை, பணியாரம் எல்லாம்தான் புளிக்கும்.

சரி, எதை எடுப்பது? நான் முதலில் பார்ப்பது, கடை மூடினால் சரக்கை வேறு கடைக்குத் தூக்கிப் போக முடியுமா என்பதை. கன்டெய்னர் உருவம், போஸ்ட்கிரெஸ், காஃப்கா மொழி இவை எங்கும் ஓடும். இவற்றுக்கு வாடகை கொடுத்து நிம்மதியாக இருக்கலாம். எஸ்.கியூ.எஸ். அப்படி எங்கும் ஓடாது. ஆனால் 2006-இலிருந்து ஓடிக்கொண்டிருக்கிறது, அதன் வேலையும் சின்னது. வேறிடத்தில் எழுதிக்கொள்ள ஒரு வாரம் போதும். அந்த அளவு ஒட்டுதல் பரவாயில்லை. அடுத்துப் பார்ப்பது சும்மா இருக்கும்போது மீட்டர் ஓடுகிறதா என்பதை. பிறகு, நமக்கு அருகில் உள்ள கிளவுட் மையத்தில் அந்தச் சேவை இருக்கிறதா என்பதை. புதுச் சேவைகள் மும்பைக்கு வர அமெரிக்காவைவிட நாளாகும். பட்டியலில் பெயர் இருப்பதால் உங்களுக்குக் கிடைக்கும் என்று எண்ணிவிடாதீர்கள்.

உங்கள் மூன்று பேர் குழுவுக்கு ஈ.சி.எஸ்., அதை ஃபார்கேட்டின் மேல் ஓடவிடுங்கள். பீன்ஸ்டாக் வேண்டாம். லாம்டாவில் ஒரு வேலை பதினைந்து நிமிடத்துக்கு மேல் ஓடாது. உங்கள் மாதாந்திர அறிக்கை அதைத் தாண்டும் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். லைட்செயில், தளம் ஒன்று, வருகை குறைவு என்றால் தாராளமாகப் போதும். நீங்கள் வளரப் போகிறீர்கள் என்பதால் அதை எடுக்கச் சொல்லவில்லை. ஆப் ரன்னர் ஓடவைக்க எளிது, ஆனால் நாளை ஒன்று கூடுதலாகத் தேவைப்பட்டால் கைவிட்டுவிடுமோ என்ற சந்தேகம் எனக்கு உண்டு.

ஈ.கே.எஸ். எடுத்தால் வேலைத் தகுதிப் பட்டியலில் குபர்நெட்டீஸ் என்று போட்டுக்கொள்ளலாம் என்று உங்கள் நண்பர் சொல்வதாகக் குறிப்பிட்டிருந்தீர்கள். அது உண்மைதான், போட்டுக்கொள்ளலாம். ஈ.சி.எஸ்.ஸில் மேலாண்மைக்கென்று தனிக் கட்டணம் கிடையாது. ஈ.கே.எஸ்.ஸில் ஒரு கிளஸ்டருக்கு (ஒன்றாக மேய்க்கப்படும் இயந்திரக் கூட்டத்துக்கு) மணிக்குப் பத்து சென்ட், மாதத்துக்கு ஏறக்குறைய 73 டாலர், உள்ளே ஒன்றும் ஓடாவிட்டாலும். அதைக்கூடக் கொடுத்துவிடலாம். ஒவ்வொரு குபர்நெட்டீஸ் பதிப்புக்கும் வழக்கமான ஆதரவு பதினான்கு மாதம்தான். அதற்குள் புதிய பதிப்புக்கு மாறாவிட்டால் கட்டணம் மணிக்கு 60 சென்ட் ஆகிவிடும், மாதம் சுமார் 438 டாலர். உங்கள் மூவரில் அந்தத் தேதியைக் காலண்டரில் குறித்துவைத்து, இரண்டு நாள் ஒதுக்கி, பதிப்பை மாற்றி, உடைந்ததைச் சரிசெய்யப் போவது யார் என்று நண்பரிடம் கேளுங்கள். அவரே செய்கிறேன் என்றால் ஈ.கே.எஸ். எடுங்கள்.